ஓய்வு பெற்ற முன்சீப்பும் முடிசூடிய ஞானாம்பாளும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



1995 மார்கழியில் சாதாரணதரப் பரீட்சை எழுதவேண்டியிருந்த வகுப்பின் சார்பில் இந்த உரை நிகழ்த்தப்படுகிறது. மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் எழுதிய ஒவ்வொரு பந்தியும் எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவுக்குப் போய், யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வெட்டப்பட்டும் ஒட்டப்பட்டும் வந்தது. ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

சங்கம் முதலில் எங்களிடம் கேட்டது சலரோகம் பற்றிய பேச்சு. நல்ல தலைப்புத்தான். ஆனால் அதைப் பற்றிக் கிழமையில் ஐந்து நாள் கிளினிக்கில் பேசுகிறோம். நூற்றாண்டு விழாவிலாவது வேறு ஒன்றைப் பேசலாம் என்று, எங்கள் கல்லூரி நூலகத்தில் எடுத்து வாசித்த ஒரு நாவலாசிரியரைத் தேர்ந்தெடுத்தோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவருடைய முழு வாழ்க்கையும் அல்ல, உத்தியோகத்தை விட்ட பின் வாழ்ந்த கடைசிப் பதினேழு வருடங்கள். சலரோகம் எப்படியும் கடைசியில் வந்து சேரும், செயற்குழு கவலைப்பட வேண்டாம்.

விக்ரோறியா மகாராணி காலத்து நாவலாசிரியர் என்றால் டிக்கன்ஸ், ஜோர்ஜ் எலியட் என்று ஆங்கில இலக்கியம் படித்த அக்காமார் சொல்வார்கள். அதே மகாராணியின் ஆட்சிக்குள், காவிரிக் கரையில் இருந்து எழுதியவர்தான் வேதநாயகம் பிள்ளையும். 1826இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே குளத்தூரில் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். முன்சீப் என்பது கீழ்நிலைச் சிவில் நீதிபதி. காணி, கடன், சொத்துப் பங்கு என்று ஊர்ச் சனங்களின் வழக்குகள்தான் அவர் முன் வந்தவை. பின்னர் சீர்காழி, அதன்பின் மாயூரம். மாயூரத்தில் மட்டும் பதின்மூன்று ஆண்டுகள். 1872இல் ஓய்வு பெற்றார். அப்போது நாற்பத்தாறு வயது, ஏறக்குறைய எங்கள் வயது.

நீதிமன்றத்தில் இருந்த காலத்தில் அவர் செய்த ஒரு வேலையை இப்போதே சொல்லி வைக்க வேண்டும். 1805 முதல் 1861 வரையான உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். அதற்கு முன் அந்தத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில்தான் கிடந்தன. வழக்காடுகிறவனுக்கு, தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்னவென்று வாசித்து அறிய வழியில்லை. நாவல் அச்சில் வருவதற்குப் பதினேழு வருடங்களுக்கு முன்பே அவருடைய மனம் எங்கே நின்றது என்பதற்கு இந்த நூல் சாட்சி.

ஓய்வு பெற்றவர் மாயூரத்திலேயே தங்கினார். நகரசபைத் தலைவராக இருந்தார். அவருடைய நண்பர் வட்டத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர் மீது 'குளத்துக் கோவை' பாடியவர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இன்னொருவர். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரோடு நெருங்கிய நட்பு. ஒரு கத்தோலிக்கர், சைவ மடத்துத் தலைவர், சைவப் புலவர், கீர்த்தனைக்காரர் எல்லோரும் தமிழின் பேரால் ஒரே திண்ணையில் இருந்திருக்கிறார்கள். வேறு வேறு சமயத்துப் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்து படித்த கல்லூரியிலிருந்து வந்த எங்களுக்கு அது புதுமையாகப் படவில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கு அது சின்ன விடயம் அல்ல.

1876இல் பஞ்சம் வந்தது. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் தமிழ்நாட்டில் சொல்வார்கள். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இறந்தோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. மழை பொய்த்தது ஒரு காரணம். தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டே இருந்ததும், நிவாரணத்தை அரசு இறுக்கிப் பிடித்ததும் மற்றக் காரணங்கள். பட்டினியால் இறக்கிறவர்களை வெறும் பசி மட்டும் கொல்வதில்லை. வயிற்றோட்டம், வாந்திபேதி, அம்மை, காய்ச்சல் என்று வருத்தங்கள்தான் முடித்து வைக்கின்றன. வேதநாயகம் பிள்ளை தன் கைப்பொருளை எடுத்துக் கஞ்சி ஊற்றினார். அந்தக் கொடையைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். பஞ்சத்தைத் தீர்க்கும்படி இறைவனிடம் முறையிடும் பாடல்களை வேதநாயகம் பிள்ளையே இயற்றினார். 1878இல் வந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' அந்த நாட்களின் நூல். எந்தச் சமயத்தவரும் பாடக்கூடியதாக, ஒரு தெய்வத்தின் பெயரையும் தனித்துச் சொல்லாமல் இயற்றிய கீர்த்தனைகள் அவை. சில இன்றும் கச்சேரிகளில் கேட்கக் கிடைக்கின்றன.

இப்படிப்பட்ட நாட்களில்தான், 1876 அளவில், அவர் ஒரு சிரிப்புக் கதையை எழுதிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. வெளியே சனம் சாகிறது, உள்ளே இவர் பகிடிக்கதை எழுதுகிறார். பிறகு நாங்களே நிவாரண முகாம்களைக் கண்டோம். அங்கே பகல் முழுக்க அலைந்தவர்கள் இரவில் கூடியிருந்து சிரிக்க ஏதாவது தேடுவதையும் கண்டோம். அதன் பின் விளங்கியது.

அந்தக் கதைதான் 1879இல் அச்சில் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்'. தமிழின் முதல் நாவல் என்று பாடப்புத்தகத்தில் ஒற்றை வரியில் படித்திருப்போம். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்க எழுதினேன் என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். நாங்கள் உண்மையைச் சொன்னால், இன்றைய கண்ணுக்கு அது நாவல் மாதிரி ஓடாது. ஒருவர் வாயைத் திறந்தால் ஒரு கிளைக்கதை. அதற்குள் இன்னொரு கதை. நடுவில் இரண்டு பக்கத்துக்குப் புத்திமதி. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் புத்திமதிப் பக்கங்களை அப்படியே புரட்டிவிட்டுப் போனோம். ஆனால் கதைநாயகன் பிரதாபன் செல்லம் கொடுத்துக் கெட்ட பணக்காரப் பிள்ளை. அவன் விடுகிற பிழைக்கு அடி வாங்குவது கூடப் படிக்கிற கனகசபை. பேரனுக்கு என்னத்துக்குப் படிப்பு என்கிற பாட்டி ஒருபக்கம், படிக்கத்தான் வேண்டும் என்று எதிர்த்து நிற்கிற தாய் சுந்தரத்தண்ணி மறுபக்கம். இந்த இடங்களை வாசித்துச் சிரிக்காதவர்கள் எங்களில் இல்லை.

கதையின் உண்மையான நாயகன் பிரதாபன் அல்ல, அவனுடைய மனைவி ஞானாம்பாள். காணாமற்போன கணவனைத் தேடி ஆண் வேடத்தில் புறப்படுகிறாள். விக்கிரமபுரி என்ற ஊரில் பட்டத்து யானை அவளுக்கு மாலை போட, அரசனாகிவிடுகிறாள். அங்கே சிறையில் கிடக்கும் கணவனை மீட்கிறாள். அதோடு நில்லாமல் ஆட்சி நடத்துகிறாள். வழக்குத் தீர்க்கிறாள், அதிகாரிகளைத் திருத்துகிறாள், அரசாங்கம் எந்த மொழியில் நடக்க வேண்டும் என்று சொல்கிறாள். நாட்டு மக்களின் மொழி தெரியாத நீதிபதியும், அந்த நீதிபதிக்காக வேற்று மொழியில் வாதாடுகிற வக்கீலும் இருக்கும் நீதிமன்றத்தில் வழக்காளி கண்ணைக் கட்டி விட்டவன்போல நிற்கிறான் என்ற கருத்தை ஆசிரியர் அந்தப் பகுதியில் விரிவாக வைக்கிறார். கட்சிக்காரனும் தமிழன், வக்கீலும் தமிழன், கேட்கிறவனும் தமிழன் என்றால் பேச்சு மட்டும் ஏன் ஆங்கிலத்தில் என்பதுதான் அவருடைய கேள்வி. பதினைந்து வருடம் நீதிபதி ஆசனத்தில் இருந்து வழக்காளிகளின் முகத்தைப் பார்த்தவர் கேட்ட கேள்வி அது. டிக்கன்ஸும் நீதிமன்றத்தை எழுதினார். ஆனால் அவர் அதை நிருபராக ஓரத்தில் இருந்து கண்டவர். வேதநாயகம் பிள்ளை நடுவில் இருந்து கண்டவர்.

அவரோடு நாங்கள் முரண்படுகிற இடங்களும் உண்டு. 1869இல் அவர் எழுதிய 'பெண் கல்வி', 'பெண்மதி மாலை' இரண்டும் பெண்கள் படிக்க வேண்டும் என்று துணிந்து சொன்னவை. ஆனால் படித்த பெண் நல்ல மனைவியாக இருப்பாள், வீட்டை ஒழுங்காக நடத்துவாள் என்பதுதான் அங்கே பெரிய நியாயம். ஞானாம்பாளும் கடைசியில் அரசை முந்திய அரசனுடைய மகளிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறாள். நாடாளும் அறிவு இருந்தும் தலைப்பாகை கட்டி, ஆணாக நின்றால்தான் அவளுக்கு முடி. இதைக் குறை என்று சொல்லலாம். ஆனால் அதே காலத்தில் இங்கிலாந்தில் மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண் ஜோர்ஜ் எலியட் என்று ஆண் பெயர் வைத்துத்தான் நாவல் வெளியிட்டாள். பெயரிலோ உடுப்பிலோ ஒரு மறைப்பு இரண்டு கரையிலும் தேவைப்பட்டிருக்கிறது.

எங்கள் குடாநாட்டில் நிலைமை கொஞ்சம் வேறு. உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை அமெரிக்க மிஷனரியான ஹரியற் வின்ஸ்லோ தொடங்கியது 1824இல், வேதநாயகம் பிள்ளை பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. அவர் 'பெண் கல்வி' எழுதும்போது உடுவிலில் படித்த பெண்களின் பேத்திமார் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருப்பார்கள். சைவப் பெண்களுக்கு மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி 1913இல் வந்தது. அடுத்த வருடம், 1914இல், யாழ்ப்பாணத்துப் பெண்ணான மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை வெளியிட்டார். கணவன் வீட்டில் ஒரு பெண் படுகிற பாடு அதன் கதை. ஞானாம்பாள் முடிசூடி முப்பத்தைந்து வருடத்தில், கதையில் வருபவளாக இருந்த பெண் கதை சொல்பவளாகிவிட்டாள். தன் சொந்தப் பெயரில், தலைப்பாகை இல்லாமல்.

இந்த நாவலை நாங்கள் வாசித்த விதம் பற்றியும் சொல்ல வேண்டும். 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் வெளிக்கிட்டது. அந்த இரவு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாங்கள் விபரிக்கத் தேவையில்லை. எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் புத்தகப் பைக்குள் கணிதப் பயிற்சிக் கொப்பியும் நூலகத்தில் இரவல் எடுத்த 'பிரதாப முதலியார் சரித்திரமும்' இருந்தன. தென்மராட்சியில் நாங்கள் தங்கியிருந்த பாடசாலைக் கட்டடத்தில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். அந்தப் போத்தல் விளக்கு எப்படி எரியும் என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்: அடியில் பஞ்சு, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு நூல் திரி. கண்ணுக்குக் கூடாது என்று இன்றைக்கு வைத்தியராகச் சொல்வோம். அன்றைக்கு வேறு வெளிச்சம் இல்லை. வாசிப்பைக் கேட்க எங்களைவிட அம்மம்மாமார்தான் கூட வந்து இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கப்படுத்த வேண்டி வரவில்லை. அதற்கு முந்திய காலப் புலவர்களின் நூல்களை அப்படி வாசித்துக் கேட்க முடியுமா? நூற்றுப் பதினாறு வருடம் பழைய புத்தகம், பள்ளிக்கூடம் காணாத ஆச்சியையும் சிரிக்க வைத்தது. அந்த மனிதர் தமிழ் வசனத்துக்குச் செய்த தொண்டு எதுவென்று எந்த விமர்சனக் கட்டுரையும் எங்களுக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

1996 சித்திரைக்குப் பிறகு எங்களில் சிலர் ஊர் திரும்பினோம். சிலர் வன்னிக்குப் போனார்கள். சிலர் கொழும்பு போய் அப்படியே கடல் கடந்தார்கள். புத்தகம் நூலகத்துக்குத் திரும்பி வந்தது. முன்னட்டை மட்டும் வரவில்லை. தாமதக் கட்டணம் கேட்காத நூலகப் பொறுப்பாசிரியருக்கு இப்போதாவது நன்றி சொல்கிறோம்.

நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று வேதநாயகம் பிள்ளை காவிரிக் கரையில் எழுதுவதற்குச் சில வருடம் முன்பே, இங்கே மானிப்பாயில் ஒரு மனிதர் மருத்துவத்தில் தமிழ் வேண்டும் என்று அதைச் செய்துகொண்டிருந்தார். வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்கர். 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். பிறகு, ஆங்கிலம் படித்த மாணவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள், ஊரில் நிற்கிற வைத்தியர் வேண்டுமென்றால் தமிழில் கற்பிக்க வேண்டும் என்று கண்டு, 1860களில் முழுதாகத் தமிழுக்கு மாறினார். 'இரண வைத்தியம்', 'பிரசவ வைத்தியம்', 'கெமிஸ்தம்' என்று புத்தகங்களைத் தமிழில் ஆக்கினார்கள் அவரும் அவருடைய மாணவர்களும். 1873இல் அவர் நாடு திரும்பினார். அந்த முயற்சி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று மசசூசெற்ஸில் உள்ள அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறது.

இந்த இருவரும் சந்தித்ததாக நாங்கள் சொல்லவில்லை. ஒருவர் நீதிபதி, மற்றவர் வைத்தியர். இரண்டு பேருக்கும் முன்னால் வந்து நின்றவர்கள் ஒரே வகையான சனம். தன்னுடைய காணியைப் பற்றியோ தன்னுடைய உடம்பைப் பற்றியோ எழுதியிருப்பதைத் தானே வாசிக்க முடியாத சனம்.

இப்போது சலரோகத்துக்கு வருகிறோம். நாங்கள் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். மருத்துவ பீடத்தில் கால் வைத்த நாளோடு மொழி மாறியது. அதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. உலகத்து மருத்துவ அறிவு ஆங்கிலத்தில் இருக்கிறது, படிக்கத்தான் வேண்டும். ஆனால் நோயாளியின் கையில் கொடுக்கிற துண்டும் ஆங்கிலத்தில்தான் போகிறது. சில வருடங்களுக்கு முன் எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவரைச் சீனி இறங்கி, மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். முதல் கிழமைதான் வேறொரு வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்குப் போனவர். பழைய குளிசையை நிற்பாட்டிப் புதியதைப் போடும்படி அதில் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அவர் இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்த பிறகு, "ஒவ்வொரு நாளும் பேப்பர் வாசிக்கிறனான் பிள்ளை. இதைத்தான் வாசிக்கேலாமல் கிடக்கு" என்றார். தன்னுடைய கிளினிக் கொப்பியை ரொறன்ரோவில் இருக்கிற பேத்திக்குப் படம் எடுத்து அனுப்பி, அவள் இரவில் வேலை முடிந்து வந்து வாசித்துச் சொல்கிற வரை காத்திருப்பதுதான் அவருடைய வழக்கம். அந்தக் கிழமை அவருடைய தொலைபேசி பழுது.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இதன் மறுபக்கத்தைச் சொன்னார்கள். லண்டனில், ஒஸ்லோவில், மாமியாருக்கோ அம்மாவுக்கோ வைத்தியர் சொல்வதை மொழிபெயர்ப்பது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளை. அம்மம்மாவின் கர்ப்பப்பை வருத்தத்தை ஒரு பெடியன் வைத்தியருக்கு எப்படிச் சொல்வான்? அம்மம்மாதான் அதை அவனுக்கு எப்படிச் சொல்வார்? பாதி மறைபடும். மறைபட்ட பாதியில்தான் பெரும்பாலும் நோய் இருக்கும்.

வேதநாயகம் பிள்ளை 1887இல் இன்னொரு நாவல் எழுதினார், 'சுகுண சுந்தரி'. பால்ய விவாகத்தைக் கண்டிக்கிற கதை. அப்போது அறுபது வயது. முதல் நாவல் அளவுக்கு அதை யாரும் கொண்டாடுவதில்லை. எங்களுக்கும் முதல் நாவல்தான் பிடிக்கும். ஆனால் முதல் நாவலின் புகழோடு நிற்காமல், சின்ன வயதுக் கலியாணம் பெண்பிள்ளைகளுக்குச் செய்கிற கேட்டைப் பற்றி அந்த வயதில் மறுபடியும் பேனையை எடுத்திருக்கிறார். 1889 ஆடி 21ஆம் திகதி காலமானார்.

சங்கத்துக்கு ஒரு விடயத்தை அறிவித்து முடிக்கிறோம். எங்கள் வகுப்பு, மூன்று வருத்தங்களுக்குத் தமிழ்த் துண்டுகள் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறது: சலரோகம், இரத்த அழுத்தம், கர்ப்பிணிகளுக்கான இரத்தச்சோகை. ஒரு பக்கம்தான். எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எதை நிற்பாட்ட வேண்டும், என்ன நடந்தால் உடனே வர வேண்டும். பெரிய எழுத்தில். தாதியர், மருந்தாளர், தமிழாசிரியர்களாக இருக்கும் பழைய மாணவிகள் எந்த நாட்டில் இருந்தாலும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். காசு இப்போதைக்குத் தேவையில்லை. வாசித்துத் திருத்த ஆள்தான் தேவை. நீங்கள் இருக்கும் நாட்டில் பேரப்பிள்ளையின் வாயை நம்பியிருக்கிற அம்மம்மாமாருக்கும் அதே துண்டு உதவும்.

சொற்களில் இன்னும் சண்டை தீரவில்லை. ஒரு பகுதியினர் 'நீரிழிவு' என்றுதான் போட வேண்டும் என்கிறார்கள், மற்றவர்கள் 'சலரோகம்' என்கிறார்கள். தலைப்பில் ஒன்றும் உள்ளே மற்றதுமாகப் போட்டிருக்கிறோம். 'இரத்த அழுத்தம்' என்று அச்சடித்துக் கிளினிக்கில் பத்துப் பேருக்கு வாசிக்கக் கொடுத்துப் பார்த்தோம். பத்துப் பேரும் வாசித்தார்கள். ஏழு பேர் "எனக்கு அது இல்லை, பிறஷர்தான் இருக்கு" என்றார்கள். இரண்டாம் பதிப்பில் 'பிறஷர்' என்றே போட்டிருக்கிறோம். கோர்ட்டைக் கோர்ட்டு என்றே எழுதிய முன்சீப் அதை ஏற்றுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறோம்.